ஒரு கடிதமும் தொலையாமல் மெயில் சர்வர் நடத்துவது

"தம்பி, பெங்களூரு பார்ட்டி திங்கட்கிழமையே மெயில் போட்டுட்டாங்களாம். நமக்கு வரவே இல்லையே" என்று ஏற்காட்டு எஸ்டேட் ஆபீஸில் கணக்குப் பார்க்கும் அக்கா போன் செய்தது ஒரு வியாழக்கிழமை. சர்வரின் நடவடிக்கைக் குறிப்பேடான லாகைத் திறந்து பார்த்தேன். மெயில் வந்திருக்கிறது. ஸ்பேம் வடிகட்டி அதற்கு அதிக மதிப்பெண் போட்டு, நான் எழுதி வைத்திருந்த விதிப்படி யாருக்கும் சொல்லாமல் அழித்திருக்கிறது. அனுப்பியவருக்கோ 'பெற்றுக்கொண்டோம்' என்ற பதில் போயிருக்கிறது. பார்ச்மென்ட் காபிக்கு விலை கேட்டு வந்த கடிதம் அது. பதில் இல்லாததால் புதன்கிழமையே அவர்கள் வேறு இடத்தில் வாங்கிவிட்டார்கள்.

அன்று முதல் என் சர்வரில் ஒரே சட்டம். கடிதம் உரியவரிடம் சேர வேண்டும். சேரவில்லை என்றால் அது அனுப்பியவருக்குத் தெரிய வேண்டும். கீழே சொல்லப்போகும் ஒவ்வொன்றும் இதற்காகத்தான்.

என் அலுவலகம் சேலம் செவ்வாய்பேட்டையில். பள்ளப்பட்டியில் ஒரு கொலுசுப் பட்டறை, ஆத்தூர் பக்கம் ஒரு ஜவ்வரிசி மில், ஏற்காட்டில் அந்த எஸ்டேட், மூன்றுக்கும் சேர்த்து 64 மெயில் பெட்டிகளை 11 வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். நீங்களும் இப்படி நடத்த நினைத்தால் முதலில் ஒன்றை யோசியுங்கள்: தினமும் காலையில் கால் மணி நேரம் லாக் பார்க்க ஆள் உண்டா? இல்லையென்றால் ஸோஹோ மெயிலையோ கூகுள் வொர்க்ஸ்பேஸையோ மாத வாடகைக்கு எடுத்துவிடுங்கள். அது நல்ல முடிவுதான். டொமைன் மட்டும் உங்கள் பெயரிலேயே பதிவாகி இருக்கட்டும். வெப்சைட் செய்து கொடுத்தவர் பெயரில் டொமைன் கிடப்பதை அடிக்கடி பார்க்கிறேன்; அவர் ஊரை மாற்றினால் உங்கள் கடை முகவரியும் அவரோடு போய்விடும்.

சர்வரை எங்கே வைப்பது

எஸ்டேட் பங்களாவிலோ கடை மாடியிலோ வைக்க வேண்டாம். ஐப்பசி மழையில் மலைப்பாதையில் ஒரு மரம் சாய்ந்தால் ஏற்காட்டில் கரண்டும் போகும், சில நேரம் கேபிளும் போகும். அதைவிடப் பெரிய தடை, வீட்டு பிராட்பேண்ட் இணைப்புகளில் சர்வர்கள் தங்களுக்குள் பேசும் வாசலான போர்ட் 25 பெரும்பாலும் அடைக்கப்பட்டிருக்கும். அந்த இணைப்புகளின் ஐ.பி. முகவரிகள் (இணையத்தில் ஒரு இயந்திரத்தின் கதவு எண் மாதிரி) 'இங்கிருந்து நேரடியாக மெயில் வரக் கூடாது' என்ற பட்டியல்களிலும் ஏற்கெனவே இருக்கும். அதனால் ஒரு டேட்டா சென்டரில் வி.பி.எஸ். (நமக்கென்று ஒதுக்கித் தரும் மெய்நிகர் சர்வர்) வாடகைக்கு எடுங்கள். 64 பெட்டிக்கு 4 ஜி.பி. மெமரி தாராளமாகப் போதும்.

பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். போர்ட் 25-ஐத் திறந்து தருவீர்களா? ரிவர்ஸ் டி.என்.எஸ். பதிவை என் சர்வர் பெயருக்கு மாற்ற முடியுமா? டி.என்.எஸ். என்பது இணையப் பெயர்களையும் ஐ.பி.க்களையும் இணைக்கும் முகவரிப் புத்தகம்; ரிவர்ஸ் என்றால் ஐ.பி.யைச் சொல்லிப் பெயரைக் கேட்பது. இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் அடுத்த இடம் பாருங்கள். ஐ.பி. கைக்கு வந்ததும் அது, ஸ்பேம் அனுப்பும் ஐ.பி.க்களைக் குறித்து வைக்கும் தடைப்பட்டியல்களில் இருக்கிறதா என்று தேடுங்கள். வாடகை வீட்டுக்குப் போனால் முன்னால் குடியிருந்தவர் வைத்த பாக்கியைக் கேட்டு நம் வாசலில் ஆள் வருவார்களே, அதே கதைதான். எனக்கு இரண்டாவது தடவை மாற்றித் தந்த ஐ.பி.தான் சுத்தமாக இருந்தது.

மென்பொருள் விஷயத்தில் நான் எதையும் மாற்றிப் பார்ப்பதில்லை. டெபியன் என்ற இயங்குதளம், அதன் மேல் மெயிலை வாங்கி அனுப்பப் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டிகளுக்கு டவ்காட், வடிகட்ட ஆர்ஸ்பாம்டி. போஸ்ட்ஃபிக்ஸை வீட்ஸே வெனெமா 1998-ல் வெளியிட்டார். இன்றும் கவனமாகப் பராமரிக்கப்படும் மென்பொருள் அது. ஆட்கள் மெயில் அனுப்ப போர்ட் 465 அல்லது 587, அதுவும் லாகின் செய்த பிறகுதான். லாகின் இல்லாத எவருக்காகவும் வெளியூருக்கு மெயில் கடத்தக் கூடாது. இணைப்பைப் பாதுகாக்க லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவசச் சான்றிதழ் 90 நாளுக்கு, தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். ஆனால் டவ்காட் பழைய சான்றிதழையே நினைவில் வைத்திருக்கும். புதுப்பித்த கையோடு அதை ரீலோட் செய்யும் வரியையும் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரு நாள் காலையில் 64 போனிலும் எச்சரிக்கை வரும்.

சர்வர் ஒரு மணி நேரம் நின்றால் மெயில் போய்விடுமே என்று பலர் பயந்து, இரண்டாவது சர்வர் ஒன்றை மாற்று முகவரியாகப் போட்டு வைக்கிறார்கள். வேண்டாம். அனுப்பும் சர்வர் நம்மை எட்ட முடியாவிட்டால் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாகவே 5 நாள் காத்திருக்கும். அதற்குள்ளும் முடியாவிட்டால் அனுப்பியவருக்குத் தகவல் சொல்லிவிடும். மாற்று சர்வரில் காவல் குறைவாக இருக்கும் என்று தெரிந்து ஸ்பேம் அனுப்புகிறவர்கள் முதலில் அங்கேதான் வருவார்கள்.

நம் கடிதம் நம்முடையதுதான் என்று காட்டுவது

இன்லேண்ட் லெட்டரின் பின்பக்கத்தில் அனுப்புநர் முகவரி என்று யார் பெயரையும் எழுதலாம்; தபால்காரர் கேட்கமாட்டார். சர்வர்கள் மெயில் பரிமாறிக்கொள்ள 1982-ல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்.எம்.டி.பி. விதிமுறையும் அப்படித்தான். ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சிக்காரர்களுக்காக எழுதியது, அனுப்புநரைச் சோதிக்க அதில் வழி இல்லை. அதற்கும் முன்பே, 1978 மே மாதத்தில், ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் விற்பனையாளர் இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பியிருந்தார். முதல் ஸ்பேம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். இந்த ஓட்டையை அடைக்கப் பின்னால் வந்தவை மூன்று டி.என்.எஸ். பதிவுகள்.

முதலாவது எஸ்.பி.எஃப். 'எங்கள் டொமைன் பெயரில் இந்த இந்த ஐ.பி.க்களிலிருந்துதான் மெயில் வரும்' என்ற அறிவிப்பு. இதைச் சரிபார்க்க 10 டி.என்.எஸ். தேடல்களுக்கு மேல் ஆகக் கூடாது என்று வரம்பு உண்டு. பில்லிங் மென்பொருள், விளம்பர மெயில் சேவை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் 10 தாண்டி முழுப் பதிவும் செல்லாமல் போகும்.

இரண்டாவது டி.கே.ஐ.எம். ஒவ்வொரு கடிதத்தின் மேலும் சர்வர் போடும் முத்திரை. சாவியை 2048 பிட்டில் எடுங்கள். அது சுமார் 400 எழுத்து நீளம் வரும், டி.என்.எஸ். பதிவில் ஒரு துண்டு 255 எழுத்துக்கு மேல் போகாது. இரண்டாக வெட்டித் தனித்தனி மேற்கோளுக்குள் வைக்க வேண்டும். மில்லுக்கு இதைப் போட்டபோது டி.என்.எஸ். பேனல் வெட்டிய இடத்தில் பதிவைக் கெடுத்துவிட்டது. ஒரு நாள் முழுக்க முத்திரை பொருந்தவில்லை. பதிவைப் போட்டதும் வெளியிலிருந்து ஒருமுறை கேட்டுப் பார்த்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுவிடுங்கள்.

மூன்றாவது டிமார்க். முதல் இரண்டும் பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று மற்ற சர்வர்களுக்கு நாம் சொல்லும் உத்தரவு இது. எடுத்ததும் 'நிராகரி' என்று போடாதீர்கள். 'எதுவும் செய்யாதே, அறிக்கை மட்டும் அனுப்பு' என்று தொடங்குங்கள். பெரிய மெயில் நிறுவனங்களிலிருந்து தினசரி அறிக்கைகள் வரத் தொடங்கும். கொலுசுப் பட்டறையின் அறிக்கையில் எனக்குத் தெரியாத ஓர் ஐ.பி. தினமும் பத்துப் பதினைந்து மெயில் அனுப்பிக்கொண்டிருந்தது. திருட்டு என்று நினைத்து விசாரித்தால், அவர்கள் புதிதாக வாங்கிய பில்லிங் மென்பொருள் இன்வாய்ஸ்களைத் தன் சொந்த சர்வரிலிருந்தே நேராக அனுப்பிக்கொண்டிருந்தது. முதல் நாளே 'நிராகரி' போட்டிருந்தால் அந்த இன்வாய்ஸ்கள் எல்லாம் திரும்பியிருக்கும். ஆறு வாரம் அறிக்கை படித்தேன், பில்லிங்கை நம் சர்வர் வழியாகத் திருப்பினேன், அப்புறம்தான் கறாரான உத்தரவுக்கு மாறினேன்.

2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இந்த விஷயத்தில் கண்டிப்பாக இருக்கின்றன. நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புகிறவர்களுக்கு இந்த மூன்றும் கட்டாயம். ஸ்பேம் என்று புகார் வரும் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. நம்மைப் போன்ற சிறியவர்கள் அந்த அளவுக்கு அனுப்புவதில்லை. இருந்தாலும் தீபாவளி வாழ்த்தை 3,000 பேருக்கு ஒரே மூச்சில் அனுப்ப வேண்டாம் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அப்படி அனுப்பியே ஆக வேண்டுமென்றால் துணை டொமைன் ஒன்றை அதற்கென்றே வையுங்கள். அதற்குக் கெட்ட பெயர் வந்தாலும் ஆர்டர் மெயில்கள் தப்பிக்கும்.

உள்ளே வரும் குப்பை

வடிகட்டியில் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எதை எந்த இடத்தில் நிறுத்துவது என்பது. ஆர்ஸ்பாம்டி ஒவ்வொரு மெயிலுக்கும் மதிப்பெண் போடும். இயல்பு அமைப்பில் 6-ஐத் தாண்டினால் ஸ்பேம் குறி, 15-ஐத் தாண்டினால் நிராகரிப்பு. நிராகரிப்பது என்றால் வாசலிலேயே, அனுப்பும் சர்வர் இன்னும் இணைப்பில் இருக்கும்போதே செய்ய வேண்டும். அப்போதுதான் உண்மையான அனுப்புநருக்கு அவருடைய சர்வரே 'போகவில்லை' என்று சொல்லும். உள்ளே வாங்கி வைத்துவிட்டுப் பிறகு திருப்பி அனுப்பினால், போலி முகவரியில் பெயர் இருக்கும் யாரோ ஓர் அப்பாவிக்கு அது போய்ச் சேரும். வாங்கிவிட்டு அழிப்பது என்பதை என் அமைப்பிலிருந்தே எடுத்துவிட்டேன்.

இடைப்பட்ட மதிப்பெண் வாங்கியவை ஸ்பேம் ஃபோல்டருக்குப் போகும். அந்த ஃபோல்டரை யாரும் திறப்பதில்லை. அதனால் தினமும் மாலை 5 மணிக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டியல் போகும்படி செய்திருக்கிறேன்: இன்று ஒதுக்கப்பட்டவை, யாரிடமிருந்து, என்ன தலைப்பு. படிக்க அரை நிமிடம் ஆகும். எஸ்டேட் அக்கா இதில் இதுவரை நான்கு நல்ல மெயில்களை மீட்டிருக்கிறார்.

தடைப்பட்டியல்களைப் பயன்படுத்தும்போது ஓர் இடறல் உண்டு. ஸ்பாம்ஹாஸ் போன்றவை கூகுளின் 8.8.8.8 மாதிரியான பொது டி.என்.எஸ். வழியாகக் கேட்டால் உண்மையான பதிலைத் தராமல் ஒரு பிழைக் குறியீட்டைத்தான் தரும். சர்வர் அதை 'பட்டியலில் இருக்கிறது' என்று தவறாக எடுத்துக்கொண்டால் ஊரில் உள்ள அத்தனை மெயிலையும் நிராகரித்துவிடும். அன்பவுண்ட் என்ற சிறிய டி.என்.எஸ். சர்வரை அதே இயந்திரத்தில் நிறுவி, அதன் வழியாகவே கேளுங்கள். இலவசப் பயன்பாட்டுக்கு வரம்புகள் உண்டு. விதிமுறையை ஒருமுறை படித்துவிடுங்கள்.

கிரேலிஸ்டிங் நல்ல உத்தி. புதிதாக வரும் சர்வரை 'கொஞ்ச நேரம் கழித்து வா' என்று திருப்பினால் பல ஸ்பேம் நிரல்கள் திரும்பி வருவதே இல்லை. ஒழுங்கான சர்வர்கள் வரும். ஆனால் அதை எல்லாருக்கும் போட்டால் பேங்க் ஓ.டி.பி.யும் பத்து நிமிடம் தாமதமாகும், அதற்குள் காலாவதியாகிவிடும். மில் கணக்கர் அவசரமாக லாகின் செய்யும் நேரத்தில் இது பெரிய தொல்லை. சந்தேக மதிப்பெண் வாங்கியவற்றுக்கு மட்டும் வையுங்கள்.

பயிற்சி விஷயத்துக்கு நேரம் ஒதுக்குங்கள். சொற்களைப் பார்த்து நிகழ்தகவைக் கணிக்கும் பேயீசியன் வடிகட்டி, ஸ்பேமிலும் நல்ல மெயிலிலும் தலா 200 பார்த்த பிறகுதான் ஆர்ஸ்பாம்டியில் பேசவே தொடங்கும். எல்லாரும் ஸ்பேமை மட்டும் ஊட்டுகிறார்கள். நம் ஊர் நல்ல மெயில் எப்படி இருக்கும்? பட்டறைக்கு வருவதில் பாதி ஒரு வரிதான்: தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி 'அண்ணா இந்த டிசைன் வேணும்', கீழே ஒரு போட்டோ. தலைப்பு கிடையாது. வடிகட்டியின் கண்ணுக்கு இது அச்சு அசல் ஸ்பேம். பட்டறைக்காரரின் அனுமதியோடு பழைய ஆர்டர் மெயில்கள் 600-ஐ நல்லவை என்று ஊட்டினேன். அதன் பிறகுதான் நிலைமை மாறியது. யாராவது ஒரு மெயிலை ஸ்பேம் ஃபோல்டருக்குள் போட்டாலோ வெளியே எடுத்தாலோ அதுவே பயிற்சியாகும்படி டவ்காட்டில் அமைக்க முடியும். நாம் அனுப்பிய மெயிலுக்குப் பதிலாக வருவதற்குச் சலுகை தரும் பகுதியும் ஆர்ஸ்பாம்டியில் உண்டு, அதையும் போட்டுவிடுங்கள்.

இத்தனை இருந்தும் ஒரு வகை மெயில் எல்லாவற்றையும் தாண்டி வரும். எஸ்டேட்டுக்கு உரம் தரும் கடையின் பெயரில் வந்த ஒன்றைச் சொல்கிறேன். பழைய கடிதத் தொடரின் அடியிலேயே பதில் மாதிரி வந்தது. 'எங்கள் பேங்க் கணக்கு மாறியிருக்கிறது, இனி இதில் போடவும்.' எஸ்.பி.எஃப். சரி, டி.கே.ஐ.எம். சரி, டிமார்க்கும் சரி. அக்காவுக்குத்தான் ஏதோ உறுத்தியது, எனக்கு அனுப்பினார். முகவரியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடைப் பெயரில் ஆங்கில 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டும் ஒட்டி நின்றன. போன் திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அந்தப் போலி டொமைனை வாங்கியவன் அதற்கு மூன்று பதிவுகளையும் ஒழுங்காகப் போட்டிருந்தான். கடிதம் எந்த டொமைனிலிருந்து வந்தது என்பதைத்தான் அவை சொல்லும். அனுப்பியவன் யோக்கியனா என்று சொல்லாது. இதற்கு மருந்து சர்வரில் இல்லை. பேங்க் கணக்கு மாற்றம் என்று எந்த வழியில் வந்தாலும், நம் டைரியில் உள்ள பழைய நம்பருக்குப் போன் செய்து குரலைக் கேட்ட பிறகே பணம். ஒருவேளை பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தை முடக்கும் வாய்ப்பு குறையும்.

நம் வீட்டிலிருந்தே குப்பை போனால்

இதுதான் எனக்கு மிகவும் வலித்தது. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா வாரம், மில்லில் ஆள் குறைவு. ராத்திரி ஒரு மணிக்கு விற்பனைப் பெட்டியின் பாஸ்வேர்டை யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். மில் பெயரும் பின்னால் 123-ம் தான் பாஸ்வேர்டு. காலையில் பார்த்தால் வெளியே போகக் காத்திருக்கும் வரிசையான கியூவில் 9,000 மெயில்.

அந்த நேரத்தில் கை பதறிக் கியூவை மொத்தமாக அழிக்கத் தோன்றும். செய்யாதீர்கள், அதற்குள் மற்றவர்களின் உண்மையான கடிதங்களும் நிற்கின்றன. முதலில் கியூ முழுவதையும் ஹோல்டில் போடுங்கள். லாகில் எந்தப் பயனர் பெயர் பல நாட்டு ஐ.பி.க்களிலிருந்து லாகின் ஆகியிருக்கிறது என்று தேடுங்கள். அந்தப் பாஸ்வேர்டை மாற்றி, திறந்திருக்கும் இணைப்புகளையும் துண்டியுங்கள். மாற்றினால் மட்டும் போதாது, ஏற்கெனவே உள்ளே இருப்பவன் அனுப்பிக்கொண்டே இருப்பான். அந்தப் பெயரில் உள்ளவற்றை மட்டும் அழித்துவிட்டு மீதியை விடுவியுங்கள். எனக்கு அன்று மிஞ்சியவை 37 நல்ல கடிதங்கள். தடைப்பட்டியல்களிலிருந்து நம் ஐ.பி.யை எடுக்கச் சொல்லிக் கேட்பது கடைசி வேலை. காரணத்தைச் சரிசெய்யாமல் கேட்டால் மறுபடியும் பட்டியலில் ஏறுவீர்கள், இரண்டாம் முறை எடுக்க அதிக நாள் ஆகும்.

இப்போது ஒரு பெட்டியிலிருந்து மணிக்கு 60 மெயிலுக்கு மேல் போகாது. தாண்டினால் என் போன் அடிக்கும். ஒரு வருடம் முன்பே இதைச் செய்திருந்தால், நம் ஐ.பி. தடைப்பட்டியலில் கிடந்த அந்த ஒரு வாரம் மில் ஆட்கள் சொந்த ஜிமெயிலிலிருந்து வேலை பார்த்திருக்க வேண்டாம்.

அரட்டைக்கு மாறலாமா

"இவ்வளவு பாடு எதுக்குங்க, எல்லாம் வாட்ஸ்அப்லயே போகுதே" என்று பட்டறைக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. அவரிடம் வேலை செய்கிறவர்கள் வெள்ளி உருக்குகிறவர், கம்பி இழுப்பவர், மெருகு போடுகிறவர் எல்லாரும் வாய்ஸ் மெசேஜில்தான் பேசுகிறார்கள். அதை மாற்ற நான் முயலவே இல்லை.

ஆனால் அரட்டையிலும் கடிதம் தொலையும், வேறு விதமாகத் தொலையும். நீல டிக் விழும், மேலே இருபது 'குட் மார்னிங்' படம் வரும், ஆர்டர் அடியில் புதைந்துவிடும். ஆர்டர் எடுக்கும் பையன் வேலையை விட்டுப் போனான். இரண்டு வருட டிசைன் படங்களும் பேரம் பேசிய விவரங்களும் அவன் போனோடு போயின.

எஸ்டேட்டிலும் மில்லிலும் ஆபீஸ் பேச்சை ஸூலிப் என்ற அரட்டை மென்பொருளுக்கு மாற்றினேன். ஓப்பன் சோர்ஸ், நம் சர்வரிலேயே வைக்கலாம். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு தலைப்பு உண்டு என்பதால் மெயிலில் பழகியவர்களுக்கு உடனே பிடிபடுகிறது. 'மிளகு லோடு' ஒரு தலைப்பு, 'ஜெனரேட்டர் ரிப்பேர்' ஒரு தலைப்பு. மேட்ரிக்ஸ் என்ற இன்னோர் அரட்டை முறையையும் மூன்று மாதம் ஓட்டிப் பார்த்தேன். வெளி நிறுவனங்களின் சர்வர்களோடு பேச அது நல்லது. ஆனால் போன் தொலைந்து, மீட்புச் சாவியையும் எழுதி வைக்காதவருக்குப் பழைய மறையாக்கச் செய்திகள் திறக்காது. மேஸ்திரிகளிடம் சாவியைப் பத்திரப்படுத்தச் சொல்லி என்னால் சமாளிக்க முடியவில்லை. மிகச் சிறிய சர்வர்தான் இருக்கிறது என்றால் எக்ஸ்.எம்.பி.பி. என்ற அரட்டை விதிமுறையும் அதை நடத்தும் ப்ரோசடி சர்வரும் போதும்; அந்த விதிமுறை 1999-ல் ஜாபர் என்ற பெயரில் வந்தது, இன்றும் நன்றாக ஓடுகிறது. டெல்டா சாட் மெயில் முகவரியையே அரட்டையாக மாற்றித் தரும், குடும்பத் தொழில்களுக்கு ஏற்றது. ஸோஹோவின் 'அரட்டை' என்ற பெயருள்ள செயலியும் 2021-லிருந்து இருக்கிறது. ஸ்லாக் என்ற அரட்டைச் சேவையின் இலவசத் திட்டம் 90 நாளுக்கு முந்தையதைக் காட்டாது. வருடக் கணக்கு பார்க்கிறவர்கள் கவனிக்க வேண்டும்.

உள்பேச்சு முழுவதும் ஸூலிப்புக்குப் போனதில் நான் எதிர்பாராத ஒரு நன்மை கிடைத்தது. முதலாளி பெயரில் 'அவசரம், இந்தக் கணக்குக்குப் பணம் போடு' என்று மெயில் வந்தால் இப்போது யாரும் ஏமாறுவதில்லை. முதலாளி மெயிலில் பேசுவதே இல்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

வெளியாரோடு மட்டும் மெயில்தான். வாங்குபவர் எந்தச் செயலி வைத்திருக்கிறார் என்று நாம் கேட்க வேண்டியதில்லை. ஆடிட்டர் மூன்று வருடம் கழித்துக் கேட்டாலும் தேதியோடு எடுத்துத் தரலாம். பட்டறையில் இப்போது இப்படிச் செய்கிறார்கள்: பேரம் வாட்ஸ்அப்பில் முடிந்ததும், ஆர்டர் எடுத்தவர் அந்த இடத்திலேயே ஆர்டர் பெட்டிக்கு ஒரு மெயில் போடுகிறார், வாங்குபவருக்கும் நகல். தலைப்பில் பார்ட்டி பெயரும் தேதியும். உள்ளே எத்தனை ஜோடி, ஒரு ஜோடி எத்தனை கிராம், எத்தனை டச் (வெள்ளியின் தூய்மை), கூலி எவ்வளவு, என்றைக்குத் தர வேண்டும், டிசைன் போட்டோ. அந்தப் பெட்டியின் மெயில்கள் இரவு 2 மணிக்கு வேறு ஊரில் உள்ள இன்னொரு சர்வருக்கு நகலாகின்றன. மாதத்தில் ஒரு நாள் ஏதாவது ஒரு பழைய ஆர்டரை அங்கிருந்து திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். போன மாதம் எடுத்தது மதுரை பார்ட்டியின் 12 ஜோடி சலங்கைக் கொலுசு; போட்டோ உட்பட முழுதாக வந்தது.